படி 1279 நொடியில் முடிகிறது, 1277 முடியவே இல்லை. ஏன்?

சுழல்பிட் | மார்ச் 3, இரவு 10.40

எல்எஃப்எஸ்ஆர் (பின்னூட்ட நகர்வுப் பதிவேடு) ஒன்றுக்கு 1200க்கு மேல் படி உள்ள பிரிமிட்டிவ் பல்லுறுப்புக்கோவை வேண்டும், அதாவது பூஜ்யம் தவிர எல்லா நிலைகளையும் ஒரே சுற்றில் தருவது. களம் 0, 1 மட்டும் உள்ள களம்தான். சேஜ் கணித மென்பொருளில் இஸ்_பிரிமிட்டிவ் போட்டால் படி 1279க்கு உடனே விடை வருகிறது. படி 1277க்கு ஒரு பகாக் கோவையை (காரணிகளாகப் பிரியாதது) தேடிப்பிடித்துக் கொடுத்தேன், ராத்திரி முழுக்க ஓடியும் நிற்கவில்லை. பகாக் கோவை என்று தெரிந்தபின் அது இன்னும் எதைச் சோதித்துக்கொண்டிருக்கிறது? பகா என்றாலே முழுச் சுற்றும் வந்துவிடாதா?

காரணி | மார்ச் 3, இரவு 11.25

வராது. படி 8லேயே பார்த்துவிடலாம். (அடுக்குகளை மட்டும் எழுதுகிறேன், கெழு எல்லாம் 1.) ஏஇஎஸ் பயன்படுத்தும் (8, 4, 3, 1, 0) பகாக் கோவைதான். ஆனால் அதனால் வகுத்து மீதி எடுத்தபடி எக்ஸை அடுக்கிக்கொண்டே போனால் 51ஆவது அடுக்கிலேயே 1 வந்துவிடும், 255 வரை போகாது. கியூஆர் குறியீட்டில் இருக்கும் (8, 4, 3, 2, 0) முழு 255ம் சுற்றும். படி 8ல் பகாக் கோவைகள் 30, அவற்றில் பிரிமிட்டிவ் 16 மட்டுமே.

படியை ப என்றும் 2^ப − 1ஐ மு என்றும் வையுங்கள். எக்ஸின் ஆர்டர் (முதன்முதலில் 1 வரும் அடுக்கு) சரியாக மு என்று காட்ட, முவின் ஒவ்வொரு பகாக் காரணி காவுக்கும் எக்ஸ்^(மு/கா) என்பது 1 அல்ல என்று பார்க்க வேண்டும். அதற்கு முதலில் முவின் காரணிகள் எல்லாம் கையில் வேண்டும். 2^1279 − 1 தானே ஒரு மெர்சென் பகா எண். 2^1277 − 1 பகு எண் என்று தெரியும், ஆனால் ஒரு காரணிகூட இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட மெர்சென் எண்களில் மிகச் சிறியது இதுதான். உங்கள் சேஜ் இரவெல்லாம் பல்லுறுப்புக்கோவையைத் தொடவே இல்லை, அந்த 385 இலக்க எண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. நிறுத்திவிடுங்கள்.

சுழல்பிட் | மார்ச் 4, காலை 7.10

நிறுத்திவிட்டேன். பாரி/ஜிபி என்ற இன்னொரு மென்பொருளில் எஃப்எஃப்இனிட் உடனே ஒரு கோவையைத் தருகிறதே?

காரணி | மார்ச் 4, காலை 8.02

எஃப்எஃப்இனிட் தருவது பகாக் கோவை, அவ்வளவுதான். என்டிஎல் நூலகத்தின் பில்ட்இர்ரெட்டும் அப்படியே. அந்தக் களத்தில் எஃப்எஃப்பிரிம்ரூட் போட்டு, வரும் உறுப்பின் சிறுமப் பல்லுறுப்புக்கோவையை எடுத்தால் பிரிமிட்டிவ் கிடைக்கும். ஆனால் அதுவும் உள்ளே முவைக் காரணிப்படுத்தத்தான் போகும். கதவு வேறு, சுவர் ஒன்றே.

காரணி | மார்ச் 4, மதியம் 1.30

உணவு இடைவேளையில் சோதனை வரிசையையும் எழுதிவிடுகிறேன். மலிவானது முதலில்.

மாறிலி உறுப்பு 1ஆ, உறுப்புகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையா (இரட்டை என்றால் எக்ஸ்+1 வகுத்துவிடும்), அடுக்குகள் எல்லாம் இரட்டையாக இல்லையே என்று கண்ணாலேயே பார்க்கலாம். அடுத்து 20, 30 படி வரையுள்ள சிறு காரணிகளுக்கு மீ.பொ.வ. எடுத்து வடிகட்டல். பெரும்பாலானவை இங்கேயே கழிந்துவிடும்: படி 30 வரை காரணி இல்லாமல் தப்புவது ஏறத்தாழ 13க்கு ஒன்று. அதன்பின் பகாத்தன்மைச் சோதனை: எக்ஸை ப முறை வர்க்கப்படுத்தினால் மீண்டும் எக்ஸே வர வேண்டும். பவின் ஒவ்வொரு பகாக் காரணி கிக்கும் ப/கி முறை வர்க்கப்படுத்தி, எக்ஸைக் கழித்து மீ.பொ.வ. எடுத்தால் 1 வர வேண்டும். எல்லாம் தாண்டினால் கடைசியாக ஆர்டர் சோதனை. அதில் சிறிய காவிலிருந்து தொடங்குங்கள். ப இரட்டை என்றால் 3 முவை வகுக்கும், அந்த ஒரு காவிலேயே மூன்றில் ஒரு பங்கு விழும்.

எதிர்ப்பதம் | மார்ச் 4, மாலை 6.15

மீ.பொ.வ. சோதனையைத் தனியாகச் செய்யத் தேவையே இல்லை. எக்ஸ்^மு = 1, எந்தக் காவுக்கும் எக்ஸ்^(மு/கா) ≠ 1 என்றால் எக்ஸின் அடுக்குகளே பூஜ்யமல்லாத எல்லா மீதிகளையும் நிரப்பிவிடும். அப்போது ஒவ்வொரு மீதிக்கும் நேர்மாறு உண்டு, அதாவது அது களம். பகாத்தன்மை கேட்காமலே வந்துவிடுகிறது. 1279 போல மு பகா எண் என்றால் இன்னும் எளிது: 1279 வர்க்கம், முடிவில் எக்ஸ் வருகிறதா, முடிந்தது.

காரணி | மார்ச் 4, இரவு 9.50

சரிதான். நிரலில் அந்த மீ.பொ.வ.வை எடுத்துவிடலாம். காரணி தெரியாத முவுக்கு மட்டும் அது வேண்டும், ஏனென்றால் அங்கே பகாத்தன்மை ஒன்றைத்தான் நிரூபிக்க முடியும். சிறு காரணி வடிகட்டலையும் விட்டுவிடாதீர்கள், அது வேகத்துக்காக.

அடுக்கேற்றத்தைப் பற்றி ஒன்று. எக்ஸ்^(மு/கா)வைக் கணக்கிடும்போது அடுக்கின் பிட்டுகளை இடமிருந்து வலமாக எடுங்கள். வர்க்கம், பிட் 1 என்றால் எக்ஸால் பெருக்கு. எக்ஸால் பெருக்குவது ஒரு இடம் நகர்த்தல்தான். வலமிருந்து இடமாகப் போனால் ஒவ்வொரு 1 பிட்டுக்கும் முழுப் பெருக்கல் விழும். படி ஆயிரத்தைத் தாண்டியபின் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

வர்க்கமும் இந்தக் களத்தில் இலவசம் மாதிரிதான். குறுக்கு உறுப்புகள் அடிபட்டுப் போவதால், பிட்டுகளுக்கு இடையே ஒரு பூஜ்யம் செருகினால் வர்க்கம் ஆயிற்று. 256 பதிவு உள்ள அட்டவணை போதும். செலவெல்லாம் மீதி எடுப்பதில். அங்கேதான் மூவுறுப்புக்கோவை ஜெயிக்கிறது: இரண்டு நகர்த்தல், இரண்டு எக்ஸ்ஓஆர். நடு அடுக்கு பாதிக்கு மேல் இருந்தால் கோவையைத் தலைகீழாக்குங்கள். (ப, க, 0) பிரிமிட்டிவ் என்றால் (ப, ப−க, 0)ம் பிரிமிட்டிவ். அதனால் தேடலும் பாதியோடு முடிந்துவிடும்.

சுழல்பிட் | மார்ச் 5, காலை 6.55

1279க்கு என்ன மூவுறுப்பு?

காரணி | மார்ச் 5, காலை 7.20

நடு அடுக்கு 216 அல்லது 418. பக்கத்தில் இருப்பவையும் வேண்டுமென்றால்: 89க்கு 38, 127க்கு 1, 7, 15, 30, 63, 521க்கு 32, 48, 158, 168, 607க்கு 105, 147, 273. பாதி வரைதான் தந்திருக்கிறேன், மற்றவை தலைகீழ்.

வன்பொருள் | மார்ச் 5, மாலை 4.40

பலகையில் போடப்போகிறவர்களுக்கு. ஜைலிங்க்ஸின் எக்ஸ்ஏபிபி 052 குறிப்பில் 3 முதல் 168 வரை டேப் (பின்னூட்டம் எடுக்கும் பிட் இடம்) அட்டவணை இருக்கிறது. அதில் இரண்டு இடத்தில் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். ஒன்று, எண்ணிக்கை 1லிருந்து தொடங்குகிறது. 32, 22, 2, 1 என்றால் பிட் 31, 21, 1, 0. கலுவா அமைப்பில் (வெளிவரும் பிட் 1 என்றால் மாஸ்கை எக்ஸ்ஓஆர் செய்வது) வலமாக நகர்த்தும்போது மாஸ்க் பதினறும முறையில் 80200003. எல்லா டேப்பும் சேர்ந்து திரும்பினால் தலைகீழ்க் கோவை வரும், கெடுதல் இல்லை. ஒரு டேப் மட்டும் ஒன்று தள்ளிப்போனால் அது வேறு கோவை, சுற்று என்னவாகும் என்று சொல்ல முடியாது. இரண்டு, அந்தக் குறிப்பு எக்ஸ்என்ஓஆர் (எக்ஸ்ஓஆரின் எதிர்மறை) வைத்து எழுதியது. அதில் மாட்டிக்கொள்ளும் நிலை எல்லாம் 1, எல்லாம் 0 அல்ல. அட்டவணையை அங்கிருந்து எடுத்து எக்ஸ்ஓஆரில் போட்டு, ரீசெட்டில் பூஜ்யம் ஏற்றினால் பதிவேடு அசையாது. மின்சுற்றைக் குடைந்துகொண்டிருப்பீர்கள்.

32 வரை ஓட்டியே பார்த்துவிடுங்கள், சில நொடிதான். 64ஐ ஓட்டிப் பார்க்க நினைப்பவர்கள் நொடிக்கு நூறு கோடி அடி வைத்தாலும் 584 வருஷம் காத்திருக்க வேண்டும்.

எதிர்ப்பதம் | மார்ச் 5, இரவு 8.30

32ல் ஒரு அழகு உண்டு. 2^32 − 1 = 3 × 5 × 17 × 257 × 65537. ஒவ்வொன்றிலும் ஒன்று குறைத்துப் பெருக்கினால் 2 × 4 × 16 × 256 × 65536 = 2^31. அதை 32ஆல் வகுத்தால் பிரிமிட்டிவ் கோவைகள் 2^26, அதாவது 6,71,08,864. பகாக் கோவைகளில் ஏறத்தாழ சரிபாதி.

சுழல்பிட் | மார்ச் 6, காலை 9.15

அந்த அட்டவணையில் 8, 16, 24, 32, 64 எதற்கும் மூவுறுப்பு இல்லை, எல்லாவற்றுக்கும் நாலு டேப். தற்செயலா?

காரணி | மார்ச் 6, காலை 11.00

இல்லை. ஸ்வான் தேற்றம், 1962. ப 8ஆல் வகுபட்டால் எந்த மூவுறுப்புக்கோவைக்கும் காரணிகளின் எண்ணிக்கை இரட்டைப்படைதான், ஆகவே பகாக் கோவை இருக்க வழியில்லை. 64க்கு (64, 4, 3, 1, 0) போல ஐந்துறுப்புதான் எடுக்க வேண்டும். இதே தேற்றம் மெர்சென் அடுக்குகளிலும் (2^ப − 1 பகா எண்ணாகும் ப) கத்தி வைக்கிறது. பவை 8ஆல் வகுத்து மீதி 3 அல்லது 5 என்றால், நடு அடுக்கு 2 (அல்லது அதன் தலைகீழ்) தவிர மற்ற எல்லாம் ஒரேயடியாக அவுட். 5க்கு (5, 2, 0) பிழைத்தது. 13, 19, 61, 107 எதற்கும் கிடையாது.

இன்னொரு இலவச வடிகட்டி: ப, க இரண்டையும் 3ஆல் வகுத்து மீதி ஒன்றில் 1, மற்றதில் 2 வந்தால் (2, 1, 0) அதை வகுக்கும். 1279க்கு மீதி 1. அப்படியானால் மீதி 2 தரும் க எல்லாம் தள்ளுபடி, மூன்றில் ஒரு பங்கு வேலை மிச்சம்.

காரணி | மார்ச் 6, இரவு 10.10

மெர்சென் அடுக்குகள் பற்றி இன்னும் கொஞ்சம், ஏனென்றால் 'உயர்ந்த படி' என்றால் உண்மையில் உயரம் அங்கேதான். ரிச்சர்ட் பிரென்ட், பால் சிம்மர்மன் கூட்டணி (தொடக்கத்தில் சாமுலி லார்வாலாவும்) 2002ல் (6972593, 3037958, 0) கண்டுபிடித்தது. ஒரு க-வைச் சோதிக்க ஏறத்தாழ 70 லட்சம் வர்க்கம், ஒவ்வொன்றும் ஒரு லட்சத்துக்கு மேல் 64 பிட் சொற்கள் மீது. அப்படி 35 லட்சம் க இருக்கிறது. சிறு காரணி வடிகட்டல் இல்லாமல் இதைத் தொடவே முடியாது. பிறகு வர்க்கங்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, இடையில் மீ.பொ.வ. குறைவாக எடுக்கும் புது வழிமுறை எழுதி மேலே போனார்கள். 2016ல் 74207281க்கு மூன்று வந்தது: 9156813, 9999621, 30684570.

எனக்குப் பிடித்தது அதே வேலையில் கிடைத்த 57885161. ஸ்வான் தேற்றம் அதைத் தடுக்கவில்லை, மீதி 1தான். ஆனாலும் எல்லா க-வையும் சலித்தபின் ஒன்றுகூட இல்லை. ஸ்வான் விலக்காத மெர்சென் அடுக்குகளில் மூவுறுப்பே இல்லாத முதல் அடுக்கு அது. 'ஒன்றும் இல்லை' என்று சொன்னால் நம்புவது எப்படி? கழித்த ஒவ்வொரு மூவுறுப்புக்கும் மிகச் சிறிய காரணியைப் பதிந்துவைக்கிறார்கள். அந்தக் காரணி வகுக்கிறதா என்று பார்ப்பது தேடுவதைவிட வெகு சீக்கிரம் முடியும், யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். நீங்கள் சின்ன அளவில் தேடினாலும் இந்தப் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். 'கழிந்தது' என்று மட்டும் பதிவு செய்த கோப்பு, நிரலில் பிழை தெரிந்த அன்றைக்குக் குப்பை.

2024 அக்டோபரில் வந்த மெர்சென் அடுக்கு 136279841ம் 8ஆல் வகுத்தால் மீதி 1. ஸ்வான் அதை விட்டுவைக்கிறது.

வன்பொருள் | மார்ச் 7, காலை 8.45

13க்குக் கிடையாது என்றீர்கள், ஆனால் (16, 3, 0) போட்டால் 13 படியின் சுற்று கிடைக்குமே.

காரணி | மார்ச் 7, காலை 9.30

கிடைக்கும். (16, 3, 0)ஐப் பிரித்தால் (3, 2, 0) ஒன்று, படி 13 பகாக் காரணி ஒன்று. 2^13 − 1 = 8191 பகா எண் ஆதலால் அந்தக் காரணி தானாகவே பிரிமிட்டிவ். மூவுறுப்பின் வேகத்தோடு 13இன் சுற்று. தொடக்க நிலையில்தான் கவனம்: அது (3, 2, 0) பக்கம் மட்டும் விழுந்துவிட்டால் 7 அடியில் திரும்பிவிடும். இரண்டு பக்கமும் கலந்திருந்தால் சுற்று 7 × 8191 = 57337. ஸ்வான் அடைத்த அடுக்குகளுக்கு இது நல்ல குறுக்குவழி.

சுழல்பிட் | மார்ச் 8, மாலை 5.20

மெர்சென் அடுக்கு எனக்கு ஒத்துவராது, சொல் அளவுக்குப் பொருந்துகிற 2048, 4096, 8192 மாதிரி வேண்டும். வழியே இல்லையா?

காரணி | மார்ச் 8, இரவு 9.05

4096 வரை வழி இருக்கிறது, சுத்தமாகவே. 2^4096 − 1 என்பது ஃபெர்மா எண்கள் (ந-ஆவது 2^(2^ந) + 1) 0 முதல் 11 வரையின் பெருக்கம். அவை அனைத்தும் முழுதாகக் காரணிப்பட்டவை. 11ஆவதை பிரென்ட் 1988ல் முடித்தார், 10ஆவதை 1995ல். காரணிப் பட்டியலை நீங்களே நிரலில் பதித்துவிடுங்கள். சேஜின் இஸ்_பிரிமிட்டிவ் பகாக் காரணிகளைத் தனியாக வாங்கிக்கொள்ளும், அப்படிக் கொடுத்தால் காரணிப்படுத்த உட்காராது. பகாக் கோவைகளில் ஏறத்தாழ பாதி பிரிமிட்டிவ் என்பதால் சீக்கிரமே ஒன்று சிக்கும். 8ஆல் வகுபடும் படி, ஆகவே ஐந்துறுப்பு.

8192 மாட்டிக்கொள்ளும் இடம் 12ஆவது ஃபெர்மா எண். ஆறு பகாக் காரணிகள் தெரியும், மிச்சம் 1133 இலக்கத்தில் ஒரு பகு எண் உடையாமல் நிற்கிறது.

பொதுவாகப் படியை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றால், குனிங்ஹாம் அட்டவணையைத் திறந்து 2^ப − 1 முழுதாகப் பிரிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். கோவை தேடுவது அதற்குப் பிறகுதான். பவுக்கு வகுத்திகள் நிறைய இருந்தால் மு துண்டுதுண்டாகத் தானே பிரியும்.

எதிர்ப்பதம் | மார்ச் 9, காலை 7.40

8192தான் வேண்டும் என்று பிடிவாதம் என்றால்? உடையாத மிச்சத்தை ம என்று வையுங்கள். கோவை பகா என்று மீ.பொ.வ. சோதனையோடு நிரூபியுங்கள். தெரிந்த காரணிகள் எல்லாவற்றுக்கும் ஆர்டர் சோதனை செய்யுங்கள். கூடவே எக்ஸ்^(மு/ம) ≠ 1 என்றும் பாருங்கள். அப்போது தெரிந்த பகுதி முழுதும் ஆர்டரில் இருப்பது உறுதி, மவிலிருந்து குறைந்தது ஒரு பகாக் காரணியும் இருப்பது உறுதி. மவின் காரணி ஒவ்வொன்றும் 10^30க்கு மேல் என்று எடுத்துக்கொண்டால், 1133 இலக்கத்தில் அப்படி 37தான் இருக்க முடியும். எழுந்தமானமாக எடுத்த கோவை அவற்றில் ஏதோ ஒன்றில் சறுக்க வாய்ப்பு 37/10^30க்கும் கீழே.

காரணி | மார்ச் 9, காலை 8.15

ஆமாம், ஆவணத்தில் அதை 'பிரிமிட்டிவ்' என்று எழுதாமல் இருந்தால் சரி. பகா, ஆர்டர் குறைந்தது இவ்வளவு என்று எழுதுங்கள். 1277க்கும் இதே கதை, ஆனால் அங்கே தெரிந்த பகுதி என்று ஒன்றுமே இல்லை. பகா என்பதோடு வாக்கியம் முடிந்துவிடும். சாயம் போகாத கோவை வேண்டுமென்றால் இரண்டு எண் தள்ளி 1279க்கு வாருங்கள்.

சுழல்பிட் | மார்ச் 11, மாலை 6.00

4096ல் உட்கார்கிறேன். இன்னொரு கிளைக் கேள்வி: 2க்குப் பதில் பெரிய பகா எண் களத்தில் என்றால்?

காரணி | மார்ச் 11, இரவு 10.30

களத்தின் அளவு பெ, படி ப, தலைக்கெழு 1. கூட ஒரு நிபந்தனை வருகிறது. மாறிலி உறுப்பை (−1)^ப ஆல் பெருக்கினால் வருவது பெக்கு மூல உறுப்பாக (அடுக்குகளாலேயே பூஜ்யமல்லாத எல்லாவற்றையும் தருவது) இருக்க வேண்டும். அதை அ என்போம். பெ 3 என்றால் எக்ஸ்² + 1 பகாக் கோவை, ஆனால் அ 1 ஆகிவிடுவதால் பார்த்தவுடனே தள்ளலாம்; அதன் ஆர்டர் 4தான், 8 அல்ல. எக்ஸ்² + எக்ஸ் + 2ல் அ 2, அது தேறும். அடுத்து ர = (பெ^ப − 1)/(பெ − 1) என்று வைத்து, எக்ஸ்^ர என்பது அவுக்குச் சமமா, ரவின் ஒவ்வொரு பகாக் காரணிக்கும் எக்ஸ்^(ர/கா) வெறும் மாறிலியாகச் சுருங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். மாறிலிச் சோதனைக்குச் செலவே இல்லை. அதனால் கெழுக்களை எடுக்கும்போதே மாறிலியை மூல உறுப்பாக வைத்துவிடுங்கள், வீண் ஓட்டமே வேண்டாம்.

படி நூறைத் தாண்டினால் ரவைக் காரணிப்படுத்த முடியாது. இங்கே ஆட்டத்தைத் திருப்பிப் போடலாம், ஏனென்றால் பெ உங்கள் கையில் இருக்கிறது. பவைப் பகா எண்ணாக வைத்து, 2^31க்குக் கீழே பெயை மாற்றிக்கொண்டே போய், ர தானே பகா எண்ணாகும் பெயைத் தேடுங்கள். காரணிப்படுத்தல் போய் பகாச் சோதனை மட்டும் மிஞ்சும். ரவின் காரணிகள் எல்லாம் 2பவின் மடங்கோடு 1 கூட்டிய வடிவத்தில்தான் வரும், அவற்றால் மட்டும் முதலில் சலியுங்கள். பெயைப் பவால் வகுத்து மீதி 1 வந்தால் ப தானே ரவை வகுத்துவிடும், அந்தப் பெயைத் தொடாதீர்கள். பெ − 1 சிறிய எண், அதைப் பிரிப்பது விளையாட்டு.

வன்பொருள் | மார்ச் 12, காலை 8.20

4096ல் ஐந்துறுப்பு என்றால் டேப் நாலுதான். ராண்டம் எண்ணுக்கா, சும்மா எண்ணிக்கைக்கா? ராண்டம் என்றால் நேராக அப்படியே விடாதீர்கள். (250, 103, 0) வைத்த ஆர்250 என்ற உற்பத்தியான் பிரிமிட்டிவ்தான், சுற்று 2^250 − 1. ஆனாலும் 1992ல் ஃபெர்ரன்பெர்க், லாண்டாவ், வாங் மூவரும் ஐசிங் மாதிரியில் (காந்தத்தின் இயற்பியல் மாதிரி) வுல்ஃப் வழிமுறையோடு ஓட்டியபோது விடை பிழையாக வந்தது. மூன்று இடத்து பிட்டுகள் ஒன்றோடொன்று கட்டுண்டு கிடந்ததுதான் காரணம்.

காரணி | மார்ச் 12, காலை 9.00

மெர்சென் ட்விஸ்டர் 19937 என்ற ராண்டம் உற்பத்தியானில் இந்தப் பிரச்சினைக்காகவே சிறப்பியல்புக் கோவையில் 135 உறுப்பு இருக்கிறது. உங்களுக்கு அடர்த்தியான கோவை வேண்டுமென்றால் புதிதாகத் தேட வேண்டாம். கையில் உள்ள பிரிமிட்டிவ் கோவையின் களத்தில், முவோடு பொதுக் காரணி இல்லாத ஒரு பெரிய எண் ட எடுங்கள். எக்ஸ்^டவின் அடுத்தடுத்த அடுக்குகளில் ஏதாவது ஒரே கெழுவைக் குறித்துக்கொண்டே போங்கள். 4096க்கு 8192 பிட் சேர்ந்ததும் பெர்லகாம்ப்–மாஸ்ஸியில் (பிட் வரிசையிலிருந்து கோவையைக் கண்டுபிடிக்கும் வழிமுறை) கொடுத்தால் வெளியே வருவது வேறொரு பிரிமிட்டிவ் கோவை. டவாக 7, 11 என்று சின்ன எண் எடுத்தால் அதிலும் உறுப்பு குறைவாகவே இருக்கும். 2இன் அடுக்காக எடுத்தால் பழைய கோவையே திரும்பி வரும்.

சுழல்பிட் | மார்ச் 12, இரவு 11.15

ராண்டமுக்கு இல்லை, எண்ணிக்கைக்குத்தான். அப்படியென்றால் ஐந்துறுப்பே போதும். நடு அடுக்குகள் மூன்றையும் 64க்குக் கீழே அடக்கினால் மீதி எடுப்பது ஒரே சொல்லுக்குள் முடியும், சரிதானே?

காரணி | மார்ச் 13, காலை 7.05

பெரும்பாலும். ஆனால் 64க்குக் கீழே மூன்று அடுக்கு எடுக்க 39,711 வழிதான். பகாவாக இருக்க வாய்ப்பு சுமார் 4096க்கு ஒன்று, உறுப்பு ஐந்து என்பதால் எக்ஸ்+1ம் எக்ஸும் ஏற்கெனவே கழிந்து அது 4096க்கு நான்கு ஆகும். அதில் பாதி பிரிமிட்டிவ். கணக்குப்படி சில இருக்க வேண்டும். காணவில்லை என்றால் எல்லையை 128க்குத் தளர்த்துங்கள். காரணிப் பட்டியலின் பெருக்கம் 2^4096 − 1 தானா என்று தொடங்குமுன் ஒருமுறை பெருக்கிப் பார்த்துவிடுங்கள். ஒட்டும்போது ஒரு இலக்கம் விழுந்துபோனால் சோதனை அமைதியாகத் தவறான கோவையைத் தேற்றிவிடும்.